ஊர்ல எந்தப் பக்கம்?

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மாதம். அரூர் பக்கத்தில் நான் வேதியியல் சொல்லித்தரும் கல்லூரியில் நடந்தது. இதை எழுத வேண்டுமா என்று பலமுறை யோசித்தேன். எழுதினால் என் யோக்கியதை வெளியே தெரிந்துவிடும். பரவாயில்லை, தெரியட்டும்.

முதலில் என் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. எங்கள் துறைக்கு என்னைவிடப் பதினோரு வயது இளையவர் ஒருவர் வந்து சேர்ந்தார். சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். கல்லூரியில் அவரை 'சார்' என்பேன், வீட்டில் பேசும்போது 'பென்னாகரத்தான்' என்பேன். டாக்டர் பட்டம் வாங்கியவர். நான் பதினெட்டு வருடம் வேலை பார்த்தும் அதை முடிக்காதவன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மதிய இடைவேளையில் பிள்ளைகள் அவர் மேசையைச் சுற்றி நிற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தால் ஓடி வருவார்கள். என்னைப் பார்த்தால் நின்று, வணக்கம் வைத்து, நகர்ந்துவிடுவார்கள். சித்தேரி மலையிலிருந்து வரும் பிள்ளைகள் அவருக்குச் சீத்தாப்பழம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் எனக்கும் இரண்டு எடுத்து வைப்பார். நான் சர்க்கரை இருக்கிறது என்று பொய் சொல்லி மறுத்துவிடுவேன். எனக்குச் சர்க்கரையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

அந்த ஜூன் மாதம் எங்கள் துறைத் தலைவர் ஓய்வு பெறவிருந்தார். வரிசைப்படி அடுத்தது நான். ஆனால் நிர்வாகத்தில் பென்னாகரத்தார் பெயர்தான் அடிபடுகிறது என்று அலுவலகத்தில் ஒருவர் என் காதில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி ஒரு நாள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, அந்தாளப் பத்திப் பேசாம உங்களுக்கு ஒரு வா சோறு எறங்காதா? இது வயித்தெரிச்சலுங்க. மோரு குடிச்சா போற எரிச்சல் இல்ல." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதி, மதம், மொழி, ஊர் என்று எதை வைத்தாவது மாணவர்களிடம் பாகுபாடு காட்டினால் விசாரிக்க எங்கள் கல்லூரியில் ஒரு குழு உண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்து அமைத்தது. தமிழ்த்துறைப் பேராசிரியை ஒருவர்தான் அதற்கு அமைப்பாளர். வெளியிலிருந்து ஒரு வக்கீல் அம்மா வருவார். ஆசிரியர்கள் சார்பில் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள், யாரும் முன்வரவில்லை, என் பெயரைப் போட்டுவிட்டார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு புகார்ப் பெட்டி இருக்கும். வெள்ளிக்கிழமை தோறும் மூன்று பேரும் திறந்து பார்ப்போம். பெரும்பாலும் காலியாக இருக்கும். இல்லாவிட்டால் கேன்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு சீட்டு இருக்கும். தேநீர் குடித்துவிட்டுக் கலைவோம்.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டியில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. பெயர் இல்லை. ரெக்கார்டு நோட்டிலிருந்து கிழித்த தாள். வேதியியல் துறையில் மாதிரி செய்முறைத் தேர்வின் வைவாவில், அதாவது வாய்மொழிக் கேள்விகளின்போது, ஓர் ஆசிரியர் சாதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்படி நடத்துகிறார் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான், நான்கே வரி.

அந்த வைவாவை நடத்தியது இரண்டே பேர், நானும் பென்னாகரத்தாரும். இறுதியாண்டுப் பிள்ளைகளில் பாதி அவரிடம், பாதி என்னிடம். நான் யாரிடமும் சாதி கேட்டவனில்லை. அது எனக்குச் சத்தியமாகத் தெரியும். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது, எங்களுக்கு ஏது அதெல்லாம்? அப்படியென்றால் அது யார்? நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டேன். உள்ளே கரும்பு தின்னக் கூலி கொடுத்தது மாதிரி இருந்தது.

தமிழ்த்துறை அம்மா தாளை மறுபடி படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், உங்க டிபார்ட்மென்ட்டுங்க. இந்த ஒண்ணுக்கு மட்டும் நீங்க ஒதுங்கிக்கிறது நல்லதுங்களே?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த நிமிடத்தில் சரி என்று சொல்லியிருந்தால் பாதி அவமானம் தப்பியிருக்கும். "எனக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லைங்க மேடம். டிபார்ட்மென்ட் விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணுமில்லைங்களா?" என்றேன். அவர் தயங்கினார். தயக்கத்தோடே விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் முழுவதும் நான் துப்பறிந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பென்னாகரத்தார் மேசையில் ஒரு நீளமான நோட்டு திறந்து கிடந்தது. அதில் பிள்ளைகள் பெயர், பதிவு எண், பக்கத்திலேயே எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவு, என்ன சாதி என்று பட்டியல். போனில் படம் எடுத்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

விசாரணை அன்று அந்தப் படத்தை நான்தான் முதலில் காட்டினேன். அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் ஒளிக்கவில்லை, அதே நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கப் பிள்ளைகள் திணறுகிறார்கள், சான்றிதழை வாங்கி மதிய நேரத்தில் நானே போட்டுக் கொடுக்கிறேன், அதற்கான பட்டியல் இது என்றார். எனக்குக் காதில் புகை வந்தது. மதிய நேரத்தில் அந்த மேசையைச் சுற்றி நின்ற கூட்டம் அதற்குத்தானா! அப்போதும் நான் விடவில்லை. "அப்ப எல்லார் சாதியும் சாருக்குத் தெரியுமில்லைங்களா?" என்றேன். வக்கீல் அம்மா ஏதோ குறித்துக்கொண்டார்.

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். புகார் எழுதியவர் யார் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, தேர்வு எழுதிய முப்பது பேரையும் பதிவு எண் வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும் என்று தமிழ்த்துறை அம்மா ஏற்பாடு செய்திருந்தார். 'சாதி கேட்டாரா' என்று நேரடியாகக் கேட்கக் கூடாது. உள்ளே போனதிலிருந்து வெளியே வந்ததுவரை என்ன நடந்தது, சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்க வேண்டும். எனக்கு இது வெட்டி வேலையாகப் பட்டது.

முதல் பிள்ளை வந்தது. "ஒண்ணும் இல்லைங்க மேடம், நல்லாத்தான் போச்சுங்க." இரண்டாவது, அதே பதில். மூன்றாவது, நான்காவது, அதேதான். ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்தில் வெளியே போனார்கள். பென்னாகரத்தான் மிரட்டி வைத்திருக்கிறான் என்று எனக்குள் முடிவே கட்டிவிட்டேன். ஐந்தாவதாக வந்தது ஒரு பெண். எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி, பாப்பிரெட்டிப்பட்டி சாலையில் இருக்கிற ஊர்க்காரப் பெண். நாற்காலியில் உட்கார்ந்தவள் வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

வக்கீல் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருக்கீங்களா?" என்றார். கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனால் கேள்வி இல்லை.

வராண்டாவில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போன பெண் ஒரு நிமிடத்தில் வரவில்லை. கால் மணி நேரம் ஆனது. அடுத்தவனுக்குப் பத்து நிமிடம். ஒரு நிமிடத்தில் திரும்பிப் போன அந்த நான்கு பேரையும்கூட மறுபடி கூப்பிட்டார்கள். வெளியே வந்தவர்கள் "வணக்கம் சார்" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்கள். அப்போதும், நம்புங்கள், எனக்குப் புரியவில்லை. பொறாமை பிடித்தவனுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது என்பது அனுபவித்தால்தான் தெரியும்.

பென்னாகரத்தார் இரண்டு கையிலும் தேநீர் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காததால் வாங்கிக்கொண்டேன். "யாரு கேட்டிருந்தாலும் தெரிஞ்சு கேட்டிருக்க மாட்டாங்க சார். நம்ம பக்கம் வாயில வர்ற பழக்கம்தானுங்களே" என்றார். தனக்குத் தானே சாக்கு தேடுகிறார் என்று நினைத்தேன். அவருடைய தேநீரையும் குடித்துக்கொண்டு அப்படி நினைத்தேன்.

நான்கு மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரப் போனேன். தமிழ்த்துறை அம்மா எதிர் நாற்காலியைக் காட்டினார். அதுவரை பிள்ளைகள் உட்கார்ந்த நாற்காலி. அதில் உட்காரும்போதுதான் லேசாகப் புரிய ஆரம்பித்தது.

பெயர் சொல்லாமல் ஒரு வாக்குமூலத்தைப் படித்தார். "உள்ளே போனதும் சார் சிரித்துக்கொண்டே எந்த ஊர் என்றார். சொன்னேன். எங்க ஊருக்குப் பக்கம்தான் என்று சந்தோஷப்பட்டார். ஊர்ல எந்தப் பக்கம் என்றார். பள்ளிக்கூடத்துப் பக்கமா, ஏரிப் பக்கமா என்றார். காலனி என்றேன். சரி சரி என்றார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார்."

அதே மாதிரி ஏழு பேர் சொல்லியிருந்தார்கள்.

"மேடம், நான் யாரையும் சாதி கேட்டதில்லைங்க" என்றேன்.

"கேக்கலைங்க சார். பக்கம்தான் கேட்டிருக்கீங்க" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் கேட்கிற கேள்விதான். பேருந்தில், கல்யாண வீட்டில், ரேஷன் கடையில், எந்த ஊர் என்று கேட்டால் அடுத்தது ஊரில் எங்கே என்று தானாக வரும். தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா பார்க்கத்தான் கேட்கிறோம் என்று சொல்லிக்கொள்வோம். ஆனால் எந்தப் பக்கம் என்று சொன்னால் எந்தச் சாதி என்று சொன்னதாகிவிடும், அது கேட்பவனுக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும். எங்கள் ஊர் மாதா தேர் எந்தத் தெருவரை போகும், எந்த முனையில் திரும்பும் என்பது எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும். அது ஏன் அங்கே திரும்புகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சாதி பார்க்காதவன் என்று என்னைப் பற்றி அவ்வளவு நிச்சயமாக நான் இருந்தது அந்த யோசனையில்லாத தெம்பில்தான்.

வக்கீல் அம்மா என் மதிப்பெண் ஏட்டைத் திறந்தார். யாரிடம் என்ன கேள்வி கேட்டேன் என்று பதிவு எண்ணுக்கு நேராகக் குறித்து வைப்பது என் பழக்கம். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தக் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. சிலருக்கு நேரே ஐந்து கேள்வி. பர்மாங்கனேட் டைட்ரேஷனில் ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போடுவதில்லை என்பது போன்ற கேள்விகள். அந்த ஏழு பேருக்கு நேரே இரண்டு கேள்வி. முதல் கேள்வி, இந்தக் கருவியின் பெயர் என்ன. ப்யூரெட்! மூன்று வருடம் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையிடம் அதன் பெயரைக் கேட்டிருக்கிறேன். ஏழு பேருக்கும் இருபதுக்குப் பன்னிரண்டு.

"ஏன் சார் இப்படி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். சாதாரணமாகக் கேட்டார்.

"பாவம், பாஸ் ஆனாப் போதும்னுதானுங்க... கஷ்டமாக் கேட்டு எதுக்கு அதுங்களக் கலங்கடிக்கணும்னு..." என்று இழுத்தேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் நானே அதைக் கேட்டேன். நான் பதினெட்டு வருடமாக இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இதுதான்.

தமிழ்த்துறை அம்மா ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "இப்பச் சொன்னதையே எழுதிக் குடுங்க சார்" என்றார். எழுதினேன். அச்சு மாதிரி வரவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். இந்த முறை கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவும் உங்க வூட்ல அதத்தான் மொதல்ல கேட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

குழு முடிவு ஒரு வாரத்தில் வந்தது. வேலையை விட்டுத் தூக்குவார்கள், இல்லாவிட்டால் ஒன்றுமே செய்யாமல் மூடி மறைப்பார்கள், இந்த இரண்டுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டும் நடக்கவில்லை. எழுத்தில் ஓர் எச்சரிக்கை. இரண்டு பருவத்துக்கு நான் தனியாக வைவா நடத்தக் கூடாது. இனி யாருடைய வைவாவிலும் ஊர்க்கேள்வி கிடையாது, பதிவு எண் மட்டும், எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் கேள்விகள். அந்த ஏழு பேருக்கும் விருப்பமிருந்தால் மறு வைவா. விருப்பமிருந்தால் மட்டும், குழு முன்னிலையில், நான் அவர்களிடம் பேசலாம்.

பேசச் சம்மதித்தது ஒரே ஒருத்தி. அந்த ஐந்தாவது பெண். தாளை எழுதிப் போட்டதும் தான்தான் என்று அவளாகவே சொன்னாள். நான் இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். பாதியில் அவள் நிறுத்தினாள்.

"மன்னிப்பெல்லாம் வேணாங்க சார். மத்தவங்களுக்குக் கேட்ட அஞ்சு கேள்விய எனக்கும் கேளுங்க. நீங்களே கேளுங்க."

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அறைந்ததில்லை. அவள் குரலை உயர்த்தக்கூட இல்லை.

சேலத்திலிருந்து ஓர் ஆசிரியரை வரவழைத்தார்கள். கேள்வி நான் கேட்க வேண்டும், மதிப்பெண் அவர் போடுவார். பென்னாகரத்தாரும் உட்கார்ந்திருந்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது என்றேன். பர்மாங்கனேட் அதையும் சேர்த்து ஆக்ஸிஜனேற்றம் செய்து குளோரினாக்கிவிடும், அளவு தப்பும் என்றாள். அதோடு நிற்காமல், "நைட்ரிக்கும் ஆகாதுங்க சார், அதுவே ஆக்ஸிடைஸ் பண்ணிரும்" என்றாள். அதை நான் கேட்கவே இல்லை. நான்காவது கேள்வியில் தடுமாறினாள். ஐந்தாவதற்கு, "இது தெரியலைங்க சார்" என்றாள். என்னிடம் யாரும் அவ்வளவு தைரியமாகத் தெரியாது என்று சொன்னதில்லை. பதினாறு வாங்கினாள். மறு வைவாவுக்கு வந்த மற்றவர்களில் ஒரு பையனுக்கு மட்டும் முன்பைவிட இரண்டு குறைந்து பத்தானது. "பரவால்லைங்க சார், இது என்னுதுங்க" என்று சிரித்துக்கொண்டே போனான்.

ஜூன் மாதம் பென்னாகரத்தார் துறைத் தலைவரானார். நான் போய்க் கை கொடுத்தேன். போனில் இருந்த அந்த நோட்டின் படத்தை அவருக்கு முன்னாலேயே காட்டி, நான் எடுத்ததுதான் என்று சொல்லி அழித்தேன். அவர் மேசையிலிருந்த அந்த நோட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அடுத்த வருசம் அந்த விண்ணப்பத்துல பாதிய நீங்க போட்டுக் குடுங்க சார், எனக்குக் கண்ணு வலிக்குது" என்றார். இப்போது மதியத்தில் என் மேசையைச் சுற்றியும் நான்கைந்து பேர் நிற்கிறார்கள். அவர் மேசையில் இன்னும் அதிகம். நான் எண்ணிப் பார்க்கத்தான் செய்கிறேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். சீத்தாப்பழத்தை மட்டும் இப்போது வாங்கிக்கொள்கிறேன்.

இன்றும் புதிதாக ஒரு பிள்ளை வந்து நின்றால் 'எந்த ஊர்' என்று வாய் கேட்டுவிடுகிறது, அடுத்த கேள்வி நாக்கு நுனி வரை வருகிறது, விழுங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏழு பேருக்கு ஒரு குழு இருந்தது, மறு வைவா இருந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் ப்யூரெட்டின் பெயரோடு சேர்த்து இரண்டே கேள்வி கேட்டு நான் அனுப்பிவிட்ட பிள்ளைகள் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்திருந்த மீதி மூன்று பதில்களைக் கேட்க எனக்கு இனி வழியே இல்லை.